இருளறையில் ஒரு குத்துவிளக்கு

தோல்தொழில் வட்டார ஒளிமுறை நோயறி மையம், மாதனூர். திறப்பு விழா: 12.2.1986, புதன்கிழமை, முற்பகல் பதினொன்று.

இருளறையில் இருந்தவர்கள்: மெட்ராஸிலிருந்து வந்த கூடுதல் செயலாளர். அவருடன் வந்த பணியாளர்கள் நான்கு பேர். மையத்தின் இயக்குநர் டாக்டர் பரந்தாமன். கண்காணிப்பாளர் கிருபானந்தம். தோல் பதனிடும் டேனரி முதலாளிகள் சங்கத்திலிருந்து மூன்று பேர். பஞ்சாயத்துத் தலைவர். நாதஸ்வரக்காரர். தவில்காரர். போட்டோகிராபர். டெக்னீஷியன் ஜெபகனி. பயனாளி வீரபாகு. ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்று.

ஆக மனிதர்கள் பதினாறு பேர். அந்த அறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கருவியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. புத்தகத்தைப் படித்தவர் ஜெபகனி மட்டும்தான். அவருக்கு நிற்க இடம் கிடைக்கவில்லை. தவிலுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

இந்த மையம் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். விழாவில் பேசிய ஐந்து பேரும் அதைச் சொல்லவில்லை.

அடைப்பான் நோய் வந்து மாடு செத்தால் நோய் அதன் தோலில் தங்கிவிடும். உப்புப் போட்டாலும் போகாது. அந்தத் தோலை லாரியிலிருந்து இறக்குகிறவன் கையில் ஒரு கீறல் இருந்தால் போதும். சில நாளில் வலிக்காத ஒரு கொப்புளம் வரும். நடுவில் கறுத்துப்போகும். ஊசி போட்டால் ஆறிவிடும். போடாவிட்டால் ஆள் போய்விடுவான். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் இறக்குகிற எல்லோருக்கும் இது தெரியும். யாருக்கு ரத்தத்தில் நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அந்தக் கருவியை இலவசமாகக் கொடுத்தது.

வீரபாகுவுக்குக் கார்த்திகை மாதத்தில் முன்னங்கையில் அந்தக் கொப்புளம் வந்தது. வேலூரில் ஊசி போட்டார்கள், ஆறிவிட்டது. எட்டணா அளவுக்கு ஒரு தழும்பு மட்டும் மிச்சம். ஆனால் அவன் வேலை செய்த ஆம்பூர் டேனரியின் கேட்டில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஒருமுறை அடைப்பான் வந்தவன் மாதனூர் மையத்தில் நோய் இல்லை என்று சான்று வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவார்கள். மையம் அப்போது திறக்கப்படவில்லை. திறக்கப்படாத மையத்தின் சான்றைக் கேட்டு இரண்டு மாதமாக அவனை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

"பிப்ரவரி முடியற வரைக்கும் உன் இடத்த நான் காலியா வச்சிருக்கேன் வீரபாகு" என்று சொல்லியிருந்தார் மேஸ்திரி சர்தார் பாஷா. "ஆறு ஆளு செய்ற வேலைய அஞ்சு ஆள வச்சு ஓட்டினுருக்கேன். பசங்க முதுகு போவுதுன்றான். மார்ச்சு ஒண்ணாந்தேதி புது ஆளப் போட்டே ஆவணும். அதுக்குள்ள பேப்பரோட வந்துடு."

"வந்துடுவேன் பாய்."

"ஒரு பேப்பரு தானே தோஸ்த். இதுல இன்னா பேஜாரு இருக்குது?"

அதனால்தான் வீரபாகு திறப்பு விழா அன்று காலை ஒன்பது மணிக்கே மாதனூரில் போய் நின்றான். கருவியை நிஜமான ரத்தத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்த ஜெபகனி அவனைப் பிடித்துக்கொண்டார். வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வகத்தில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, சர்க்கார் வேலை நிரந்தரம் என்று நம்பி வந்தவர்.

அவன் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். அதைச் சுழற்றித் தெளியவைத்து, நகத்தளவு கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டார். ஒரு மருந்து சேர்த்தார். கிண்ணத்தை ஒரு கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு அறைக் கதவைச் சாத்தி விளக்கையும் அணைத்தார்.

"இன்னா சிஸ்டர், லைட்ட நிறுத்திட்டீங்க?"

"நான் சிஸ்டர் இல்ல, டெக்னீஷியன். இங்க லைட்டு இருந்தா உள்ள இருக்கிற லைட்டு கணக்குத் தப்பாய்டும்."

"உள்ள லைட்டு எரியுதா?"

"உங்க ரத்தத்துல நோய் இருந்துச்சுன்னா இந்த மருந்து அதுல போய் ஒட்டிக்கும். கிண்ணத்துல மயிரு மாதிரி ரெண்டு கம்பி இருக்கு. லேசா கரண்ட் குடுத்தா அந்த மருந்து வெளிச்சம் விடும்."

வீரபாகு இருட்டில் கண்ணை இடுக்கிப் பார்த்தான். "எனுக்கு ஒண்ணும் தெரியலியே."

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மின்மினிப் பூச்சிய ஆயிரமாப் பிச்சா ஒரு துண்டுல எவ்ளோ வெளிச்சம் இருக்கும்? அவ்ளோதான். பெட்டிக்குள்ள ஒரு குழல் இருக்கு. அதுக்கு மட்டும் தெரியும். அது எண்ணிச் சொல்லும்."

பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்கள் ஓடின. நின்றன. நாற்பத்தொன்று.

"நூறுக்குக் கம்மின்னா நோய் இல்ல" என்றார் ஜெபகனி. "உங்களுக்கு ஒண்ணுமில்ல. போய் மூட்ட தூக்குங்க."

"தோலு சிஸ்டர்."

"தோல் தூக்குங்க."

ஒரு நோட்டில் பென்சிலால் 'வீரபாகு, காலை 9.35, 41' என்று எழுதிவிட்டு, சான்றில் கையெழுத்து வாங்க அவனைக் கண்காணிப்பாளரிடம் அழைத்துப் போனார். கிருபானந்தம் மாவிலைத் தோரணம் கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மையம் எத்தன மணிக்குத் தொறக்குது?"

"பதினொண்ணுக்கு சார்."

"இப்ப?"

"ஒம்போது நாப்பது."

"அப்ப இது எந்த மையத்தோட ரிசல்ட்டு? இன்னும் பொறக்காத கொழந்த கையெழுத்துப் போடுமா? நோட்டுல வேற பென்சில்ல எழுதிக்கிறீங்க. அழிச்சிடுங்க."

"ரத்தம் அதே ரத்தம் தான் சார்."

"ரத்தம் அதேதாம்மா. ஆனா நாம இன்னும் நாம ஆகல." வீரபாகுவின் பக்கம் திரும்பினார். "நீ இருப்பா. பயனாளின்னு ஒருத்தர் வேணும்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு. ஆள் கெடைக்கலியேன்னு இருந்தேன். சட்ட பட்டனப் போடு."

இப்படித்தான் வீரபாகு பயனாளி ஆனான்.

பதினொன்று ஐம்பதுக்குக் கூடுதல் செயலாளர் வந்தார். அழைப்பிதழில் முதல் நிகழ்ச்சி குத்துவிளக்கு ஏற்றுதல். ஏற்றும் இடம் வராந்தா என்றிருந்தது. வராந்தாவில் வெயில் அடித்தது.

"ரூம் எதுவும் இல்லையா?" என்றார் செயலாளர்.

அந்தக் கட்டடத்திலேயே குளிரூட்டப்பட்ட ஒரே அறை இருளறைதான். இயக்குநர் பரந்தாமன் கதவைத் திறந்துவிட்டார். விளக்கு உள்ளே போனது. விளக்கின் பின்னால் எல்லோரும் போனார்கள்.

ஜெபகனி கிருபானந்தத்தின் காதருகில் சொன்னார். "சார், அப்ப மிஷின அணைச்சிட்றேன். கரண்ட் இருக்கும்போது அந்தக் குழல் மேல வெளிச்சம் பட்டா செத்துடும்."

"தொறப்பு விழா அன்னிக்கு மிஷின் அணைஞ்சு கெடந்தா நல்லாவாம்மா இருக்கும்? செவப்புல நம்பர் எரியட்டும், அழகா இருக்கு."

"மூடியாவது மூடியே இருக்கட்டும் சார்."

மூடி மூடியேதான் இருந்தது, செயலாளர் கேட்கிறவரை. "டாக்டர், ஒளிமுறை ஒளிமுறைன்னு சொல்றீங்களே, அந்த ஒளி எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு சார்."

"காட்டுங்க."

"கண்ணுக்குத் தெரியாது சார்" என்று தவிலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

செயலாளர் தவிலைப் பார்த்தார். "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கா இவ்வளவு பெரிய பில்டிங்? நாளைக்குச் சட்டசபையில கேட்டா நான் என்ன பதில் சொல்றது? தெரியலன்னா, நீங்க சரியாத் தொறந்து காட்டலன்னு அர்த்தம்."

பரந்தாமன் மூடியைத் தூக்கினார். செயலாளர் குனிந்து உள்ளே பார்த்தார். தெரியவில்லை. "இருட்டா இருக்கே" என்றார். பெட்டிக்குள் இருட்டாக இருந்ததால் விளக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். ஐந்து முகத்தையும் ஏற்றினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. போட்டோகிராபர் "சார், இப்படி" என்றார். பிளாஷ் மூன்று முறை அடித்தது.

சிவப்பு எண்கள் கிடுகிடுவென்று ஏறின. அந்தக் கருவியில் நான்கு இலக்கம்தான் உண்டு. 9999 என்று நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். முதல் நாளே கருவி முழு மதிப்பெண் எடுத்துவிட்டது என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார்.

அதன்பிறகு செயலாளர் பேசினார். "நான் இந்தப் பொறுப்புக்கு வந்து இரண்டு ஆண்டில் முப்பத்தெட்டு இடங்களில் விளக்கேற்றியிருக்கிறேன். கண் மருத்துவமனையில் ஏற்றினேன். காகித ஆலையில் ஏற்றினேன். தீயணைப்பு நிலையத்திலும் ஏற்றினேன். ஏற்றியபின் அந்த இடங்களுக்கு நான் திரும்பிச் செல்ல வேண்டிய தேவையே ஏற்பட்டதில்லை. என் விளக்கின் மீது இதுவரை ஒரு புகாரும் இல்லை."

ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள்.

மூன்று மணிக்கு வீரபாகுவுக்கு மறுபடியும் ரத்தம் எடுத்தார் ஜெபகனி. இப்போது மையம் திறந்திருந்தது. பதிவேடும் மையும் முத்திரையும் தயாராக இருந்தன. 9999.

ஜெபகனி கிண்ணத்தைக் கழுவி மறுபடி வைத்தார். 9999. அதற்குமேல் அவருக்கு ஒன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கிருபானந்தம் எண்ணை எட்டிப் பார்த்தார். வீரபாகுவை ஓரடி தள்ளி நின்று பார்த்தார். "காலைல நாப்பத்தொண்ணு, இப்ப ஒம்போதாயிரம். நடுவுல இன்னா சாப்ட?"

"லட்டு சார்."

"எத்தன?"

"ஒண்ணு தான் சார் குடுத்தாங்க."

கிருபானந்தம் தாம் சாப்பிட்ட இரண்டு லட்டுகளை நினைத்துக் கவலைப்பட்டார். ஆனால் எழுதும்போது லட்டைப் பற்றி எழுதவில்லை, அது விழாச் செலவில் வந்தது. வீரபாகு, 9999, நோய் உறுதி என்று மையால் எழுதினார்.

"சார், எனுக்கு ஆறிப்போச்சு சார்" என்று வீரபாகு சட்டையை மடித்துத் தழும்பைக் காட்டினான்.

"வெளில ஆறியிருக்கு. உள்ள ஒம்போதாயிரத்துச் சொச்சம் இருக்கே. மிஷின் பொய் சொல்லுமா?"

மறுநாள் ஜெபகனி ஒரு கடிதம் எழுதினார். திறப்பு விழாவில் கருவி இயங்கிக்கொண்டிருந்தபோது விளக்கொளியும் பிளாஷும் பட்டதால் ஒளி எண்ணும் குழல் பழுதாகிவிட்டது, வேறு குழல் வரும்வரை சோதனையை நிறுத்த வேண்டும் என்று நான்கு வரி.

கிருபானந்தம் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாரு ஏத்துன விளக்கு?"

"அவர் ஏத்துனதுதான்."

"அப்ப மிஷினக் கெடுத்தது யாருன்னு எழுதிக்கிறீங்க?"

"நான் யாரையும் எழுதல சார். விளக்குன்னு எழுதியிருக்கேன்."

"குத்துவிளக்கு மேல புகார் எழுதுற மொத ஆளும்மா நீங்க. நீங்க கிறிஸ்டியன் வேற."

"நீங்களும் தான் சார்."

"அதனாலதான் எனக்கு பயமா இருக்கு." பேனாவை எடுத்து அவரே திருத்தினார். திருத்தியபின் கடிதம் இப்படி இருந்தது: 'கூடுதல் செயலாளர் அவர்கள் திருக்கரத்தால் ஒளியேற்றியதிலிருந்து கருவி எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வேலை செய்து வருகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

மெட்ராஸிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

திறந்த ஒரு வாரத்துக்குள் டேனரிகள் அனுப்பிய இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சோதனை நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் 9999. ஒவ்வொருவருக்கும் நோய் உறுதி என்று சான்று கொடுத்து, வரிசையாக நிற்கவைத்து, பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் கூட்டமாக இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கச் சொன்னார்கள், நெரிசலில் நோய் பரவிவிடக் கூடாதென்று.

வேலூரில் நடந்த மாவட்டக் கூட்டத்தில் டாக்டர் பரந்தாமன் பேசினார். "மற்ற நாடுகளில் நூறு பேரைச் சோதித்து ஒருவருக்கோ இருவருக்கோ நோய் என்கிறார்கள். மீதித் தொண்ணூற்றெட்டுப் பேர் விஷயத்தில் அவர்கள் கருவி தோற்றுவிட்டது என்றுதானே பொருள்? நம் கருவி இதுவரை ஒருமுறைகூடத் தோற்கவில்லை. நோய் இல்லாத ஒருவரைக்கூட நாம் இன்னும் சந்திக்கவில்லை."

தட்டச்சு செய்து வைத்திருந்த அடுத்த வரியையும் அவர் வாசித்தார். "மையத்தின் பணியாளர்கள் அனைவரும் முன்மாதிரியாகச் சோதனை செய்துகொள்வார்கள்."

செய்துகொண்டார்கள். இயக்குநருக்கு 9999. கண்காணிப்பாளருக்கு 9999. வாட்ச்மேனுக்கு 9999.

இரண்டு நாள் இயக்குநரின் அறைக் கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சுற்றறிக்கை வந்தது. பொறுப்புள்ள பதவியில் இருப்பவர்களின் ரத்தம் இயல்பாகவே கூடுதலாகப் பிரகாசிக்கிறது என்பதால், பதவிக்கு ஏற்ப எண்ணைத் திருத்திக் கொள்ள வேண்டும். இயக்குநரின் எண்ணை ஆயிரத்து நூற்றுப் பதினொன்றால் வகுக்க வேண்டும். பணியாளர்களின் எண்ணை நூற்றொன்றால் வகுக்க வேண்டும். பொதுமக்களின் எண்ணை வகுக்க வேண்டாம்.

"அது இன்னா சார் நூத்தியொண்ணு?" என்று கேட்டார் ஜெபகனி.

"நூறால வகுத்தா தொண்ணூத்தொம்போது புள்ளி ஒம்போது ஒம்போது வருது. ஆடிட்ல எவனாவது முழுசாக்கி நூறுன்னு போட்டுட்டா? நூத்தியொண்ணால வகுத்தா சரியாத் தொண்ணூத்தொம்போது. ஒக்காந்து போட்டுப் பாத்தேன்." கிருபானந்தம் பெருமையாகவே சொன்னார். "ஐயாவுக்கு ஒம்போது. நல்ல நம்பர்."

"பொதுமக்களுக்கு ஏன் வகுக்கக் கூடாது?"

"அவங்களுக்கு வகுத்தல் தெரியாதும்மா. கொழம்பிடுவாங்க."

வீரபாகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தான். விரல்களில் குத்த இடம் இல்லாமல் போனது. ஒவ்வொரு முறையும் அதே எண். ஜெபகனி பென்சில் நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்க இரண்டு முறை போனார். பென்சிலில் இருப்பதால் படிக்க முடியவில்லை என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள்.

இருபத்தாறாம் தேதி சர்தார் பாஷா சைக்கிளில் வீட்டுக்கே வந்தார். வீரபாகுவின் மனைவி பங்கஜம் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பாஷா பசைத் தட்டைத் தாண்டி உட்கார்ந்தார்.

"காவேரிப்பாக்கத்துலருந்து ஒருத்தன் வந்து நிக்கிறான். நல்ல ஆளு. நான் இன்னும் சரின்னு சொல்லல."

"மிஷினு ஒத்துக்கல பாய்" என்றான் வீரபாகு.

"மிஷினு ஒத்துக்கலயா, அதுல குந்தினுருக்கவன் ஒத்துக்கலயா?" என்றாள் பங்கஜம். "ஊர்ல அத்தினி பேருக்கும் ஒரே நம்பர் காட்டுதாம். ஒரு தராசு எதப் போட்டாலும் ஒரே எடை காட்னா நீ அந்தத் தராச இன்னா பண்ணுவ?"

வீரபாகு அவளைப் பார்த்தான். பாஷாவைப் பார்த்தான். பாஷா மெதுவாகத் தலையாட்டினார்.

தோல் இறக்குகிற இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் முதல் தோலைத் தராசில் போடுவதற்கு முன் தட்டைக் காலியாக விட்டு, இறக்குகிறவன் "காலி" என்று கத்த வேண்டும். முள் நடுவில் நின்றால்தான் வேலை தொடங்கும். முள் சாய்ந்திருந்தால் முதலாளியே வந்தாலும் தோல் ஏறாது. அந்த ஆறு பேரில் "காலி" என்று கத்துகிறவன் வீரபாகுதான்.

"காலித் தட்டு பாய்" என்றான்.

"போட்டுக் காட்டு. எவனும் ஒண்ணும் பேச முடியாது."

இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை வீரபாகு மையத்துக்குப் போனான். வாசல் குழாயிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்தான். பிடிக்கும்போது வாட்ச்மேனைப் பார்க்கவைத்தான். கிருபானந்தத்தையும் கூப்பிட்டு நிறுத்தினான்.

"சிஸ்டர், இன்னிக்கு ரத்தம் வேணாம். இந்தத் தண்ணிய வைங்க."

ஜெபகனியின் முகத்தில் இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு தெம்பு தெரிந்தது. கிண்ணத்தில் தண்ணீரை விட்டார். மூடினார். அணைத்தார். அந்த இருட்டில் வீரபாகு, தோல் இறக்குகிற இடத்தில் கத்துவதுபோலவே, "காலி!" என்று கத்தினான்.

9999.

"பாத்தீங்களா சார்? தண்ணிக்கு அடைப்பான் வருமா? மிஷினு கெட்டுப்போச்சு சார். எம் பேப்பரக் குடுங்க, நான் போறேன்."

கிருபானந்தம் எண்ணைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். ஓடினார்.

அரை மணி நேரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. இயக்குநர், கண்காணிப்பாளர், டேனரி முதலாளிகள் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர். ஜெபகனியைக் குறிப்பெடுக்க மட்டும் உட்காரவைத்தார்கள். வீரபாகு வாசலில் நின்றான். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். காலித் தட்டுக்குப் பிறகு யாரும் பேசி அவன் பார்த்ததில்லை.

"மூணு காரணம் இருக்கலாம்" என்றார் பரந்தாமன். "ஒண்ணு, தண்ணில நோய் இருக்கு."

சங்கப் பிரதிநிதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "டாக்டர், அது பாலாத்துத் தண்ணி. பாலாத்துல இன்னா கலக்குதுன்னு ஒரு பேச்சு ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். இந்தக் கட்டடத்துக்கு எடம் குடுத்தது நாங்க."

"தண்ணில நோய் இல்ல" என்றார் பரந்தாமன். "எழுதிக்கம்மா. ரெண்டு, கருவி பழுது."

"அப்ப விளக்கு வந்துடுது ஐயா" என்றார் கிருபானந்தம். "பாராட்டுக் கடிதம் வேற ஃபைல்ல இருக்கு. எதுக்குப் பாராட்டுனாங்கன்னு கேப்பாங்க."

"கருவி பழுது இல்ல. மூணு..." பரந்தாமன் பாட்டிலை ஒரு பென்சிலால் தள்ளித் திருப்பினார். "இந்தத் தண்ணிய யாரு எடுத்தா?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

"சார்" என்றார் ஜெபகனி. "நான் வேணும்னா நானே போய்த் தண்ணி புடிச்சு..."

"நீங்க குறிப்பு எழுதுங்கம்மா. குழாய்லருந்து பாட்டிலுக்கு வந்த தண்ணி யாரு கை வழியா வந்துச்சு? ஏற்கெனவே உறுதியான நோயாளி. கையில தழும்பு. பாட்டிலத் தொட்ட ஒரு நிமிஷத்துல தண்ணில ஒம்போதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது." பரந்தாமனின் குரலில் மரியாதை வந்துவிட்டிருந்தது. "இப்படி ஒரு கேஸ் நான் கேள்விப்பட்டதே இல்ல. மனுஷன் ரத்தத்துல பாத்திருக்கோம். தண்ணிக்கே குடுத்துட்டான்யா."

சங்கப் பிரதிநிதி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சார், காலித் தட்டு சார் அது" என்றான் வீரபாகு வாசலிலிருந்து. சிரிப்பு போயிருந்தது. "முள்ளு சாஞ்சிருக்குதா இல்லியான்னு பாக்கறது சார். தராசு தப்புன்னா எட போட்டவன் மேலயா சார் குத்தம்?"

"கிட்ட வராதப்பா. அங்கியே நில்லு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நபரை உடனே தனிமைப்படுத்த வேண்டும். மேலதிகாரிகள் வந்து பார்க்கும்வரை அவர் எதையும் தொடக் கூடாது. அப்படிப்பட்ட அறைக்கு ஜன்னல் இருக்கக் கூடாது, வெளியே தாழ்ப்பாள் இருக்க வேண்டும். மையத்தில் அப்படி ஓர் அறைதான் இருந்தது.

கருவியைத் தூக்கி வராந்தாவில் வைத்தார்கள். உச்சி வெயில் பெட்டி மேல் விழுந்தது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வராந்தாவிலும் அது 9999 காட்டியது. கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்று கிருபானந்தம் குறிப்பில் சேர்த்தார்.

"எத்தினி நாளு சார்?" என்று கேட்டான் வீரபாகு.

"மெட்ராஸுக்கு எழுதியிருக்கோம்."

"நாளைக்கு ஒண்ணாந்தேதி சார். காவேரிப்பாக்கத்தான் வந்துடுவான் சார். காத்தால ஏழு மணிக்கு நான் கேட்டுல நிக்கணும்."

"வேலைய நெனைக்கிறியே, உன் ஒடம்ப நெனச்சியா? எவ்ளோ பெரிய நோயாளி நீ. உன்னப் பாக்க அவ்ளோ தூரத்துலருந்து வரப்போறாங்க." கிருபானந்தம் வாட்ச்மேனைப் பார்த்து வீரபாகுவைத் தொடாமல் தள்ளுவதற்காக எடுத்துவந்த குச்சியை ஆட்டினார். வாட்ச்மேன் ஒரு பாயையும் ஒரு குடம் தண்ணீரையும் உள்ளே தள்ளிவிட்டு விலகி நின்றான்.

"இவங்க சொல்றாங்கன்னு நீங்களும் பாத்துனு நிக்கிறீங்களே சிஸ்டர்" என்றான் வீரபாகு.

ஜெபகனி பென்சில் நோட்டைத் திறந்து அந்த ஒரு தாளைக் கிழித்தார். அவன் அருகில் போனார். யாரோ "கிட்டப் போகாதீங்கம்மா" என்றார்கள். போனார். தாளை அவன் கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"நாப்பத்தொண்ணு" என்றார். "மெட்ராஸ்லருந்து வர்றவங்ககிட்ட இதக் காட்டுங்க."

"பென்சில்ல இருக்குதே சிஸ்டர்."



வீரபாகு உள்ளே போனான். அங்கே இன்னும் குத்துவிளக்கு எண்ணெயின் வாசனை இருந்தது. தாளைக் கண்ணருகே பிடித்தான். வாசலிலிருந்து வந்த வெளிச்சத்தில் நாலும் ஒன்றும் தெரிந்தன. கதவு நகர நகர நாலு போனது, பிறகு ஒன்றும் போனது. வெளிச்சம் ஒரு துளிகூட உள்ளே புகாமல் மூடும்படி செய்த கதவு அது. அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள். கிருபானந்தம் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாவிப் பதிவேட்டில் நேரத்தை எழுதி, மையால் கையெழுத்துப் போட்டார்.